கன்னி மூலையில் நான் கட்டச் சொன்ன தொட்டி

அண்ணனின் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. முதலில் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இது ஆரைப் பத்திங்க அம்மிணி எழுதியிருக்கறீங்க?" என்று கேட்டார். அன்பின் உருவம், பண்பின் இருப்பிடம், பொறுமையின் சிகரம் என்று ஒரு பக்கத்தை நிறைத்திருந்தேன். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவளுக்கு இப்படி எழுதுவது பெரிய காரியம் இல்லை. உறவுமுறையை மட்டும் மாற்றினால் எந்த வீட்டு மலரிலும் போட்டுக்கொள்ளலாம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அண்ணன் மறைந்து ஒரு வருடம் ஆகியும் அவர் மேல் எனக்குள்ள கோபம் தணியவில்லை. நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். இதைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அண்ணன் என்றதும் ஒரு விஷயம்தான் நினைவுக்கு வரும். மூடிய கிணற்றின் மேல் தண்ணீர்த் தொட்டியைக் கட்டி, அதைச் சாயவிட்டவர் என்பதுதான் அது. கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அங்கே கட்டச் சொன்னது நான். இதை அண்ணன் உங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் இருந்தவரை நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் தலையில் ஏறியிருக்கும் அந்தப் பழியை இறக்கி வைக்கத்தான் இத்தனை பக்கமும்.

அண்ணன் பிறந்தது மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டார். ஆட்டையாம்பட்டிப் பள்ளிக்கு அவர் மிதித்த சைக்கிளை அதன்பின் நான் மிதித்தேன். நான் ஆசிரியப் பயிற்சி முடித்ததும், சேலம் அம்மாபேட்டையில் வாழ்க்கைப்பட்டதும், அண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய் உழைத்த உழைப்பில்தான்.

பதினெட்டு வருடம் அவர் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் இருந்தார். குழியிலிருந்து பறக்கும் தூசியின் நிறத்தைப் பார்த்தே கீழே செம்மண்ணா, சுக்கான் கல்லா, கருங்கல்லா என்று சொல்லிவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் கருமாதியன்று வந்து இதையே சொல்லி அழுதார்கள். அப்படிப்பட்ட மனிதர் தரை தெரியாமல் தொட்டி கட்டினார் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அதனால்தான் அந்தப் பேச்சு நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று ஒரு ஊர் விடாமல் சுற்றியது.

வடக்கே இருந்து திரும்பி வந்து தோட்டத்தில் கோழிப்பண்ணை போட்டார். முதலில் ஒரு கொட்டகை, பிறகு இரண்டு. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் பொழுது சாயும்வரை கோழிகளோடுதான் இருப்பார். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று எல்லா மலரிலும் போடுவார்கள். எங்கள் அண்ணன் விஷயத்தில் அது உண்மை. ஆனால் அவரோடு இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எதைக் கேட்டாலும் அடியிலிருந்து ஆரம்பிப்பார். குழாய் ஏன் ஒழுகுகிறது என்று கேட்டால், அந்தக் குழாய் வாங்கிய நாளிலிருந்து வருவார். மூட்டைக்கு ஒரு முடிச்சு போதுமென்றால் மூன்று போடுவார், பிறகு அதை அவிழ்க்க நாம் பல்லைக் கடிக்க வேண்டும். பேருந்து வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய் நிற்பார், நம்மையும் நிற்க வைப்பார்.

இத்தனை பிடிவாதமும் என்னிடம் மட்டும் செல்லாது. அவருடைய கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் நான். நம் பக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு அது எத்தனை பெரிய இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணமேடையில் அன்று எனக்குக் கொடுத்த இடத்தை அண்ணன் வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கூடப் பொறந்தவள் கண் கலங்கிவிட்டால் அந்த வீடு விளங்காது என்று உறுதியாக நம்பினார். எனக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அழுதேன்.

மூன்றாவது கொட்டகை போட்டபோது பழைய சின்னத் தொட்டிகள் போதவில்லை. கோடையில் கரண்ட் நின்று, அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனால் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். பத்தாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்றைப் பத்தடி உயரத்தில் நிறுத்திவிட்டால், மோட்டார் ஓடாவிட்டாலும் தண்ணீர் தானாக இறங்கும் என்று அண்ணன் முடிவு செய்தார். தீவன அறைக்கு வடக்கே ஓர் இடத்தைப் பார்த்து, சுண்ணாம்பால் கோடும் போட்டுவிட்டார். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் திருப்பி அடிக்கும் சுக்கான் தரை அது.

அந்த வருடம்தான் நோய் வந்து கோழிகள் இரண்டு தடவை போயிருந்தன. அண்ணன் மகனுக்குப் பார்த்த வரன்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப்போயின. எங்கள் தெருவில் யாரோ சொன்னார்கள் என்று நான் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பள்ளியில் நான் நடத்தியது என்ன பாடம் தெரியுமா? அறிவியல். காந்த ஊசியைப் பற்றி வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டவள், அந்த ஆள் செல்போனில் திசை பார்ப்பதைக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டிங்கறது கனம்ங்க. கனம் கன்னி மூலைலதான் இருக்கோணும். வடக்கால வெச்சீங்கன்னா குடும்பம் தல தூக்காதுங்க" என்றார் அவர்.

எங்கள் தோட்டத்தின் கன்னி மூலை, அதாவது தென்மேற்கு மூலை, பழைய கிணறு இருந்த இடம். பங்கு பிரித்தபோது கிணறு அந்த மூலையோடு எங்கள் பங்குக்கு வந்தது. வற்றிய பிறகு அதை மூடிவிட்டோம். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது கெணத்து மண்ணு அம்மிணி. கனம் தாங்காது."

"மூடிப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சுங்கண்ணா. இத்தன மழைக்கு எறுகாமயா கெடக்கும்?"

"மேல எறுகியிருக்கும். கீழ கோழி எருவும் தென்ன மட்டையும் போட்டுத்தான மூடுனோம்? அது மக்கி மக்கி எறங்கிட்டே இருக்கும்."

"அப்ப எம்பேச்சுக்கு இந்த ஊட்ல மதிப்பில்லீங்க. இனிப் பொறந்தவன்னு என்னையக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன்.

அவ்வளவுதான். சுண்ணாம்புக் கோட்டை அண்ணன் காலால் அழித்துவிட்டார். ஒரு நல்ல நாளில் பூசை போட்டு, முதல் கல்லை என் கையால் வைக்கச் சொன்னார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் வைத்தேன். எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தன்னால் முடிந்ததை அண்ணன் செய்து பார்த்தார். எட்டடி தோண்டினார். அறுபதடிக் கிணற்றில் எட்டடி தோண்டினால் குப்பைதான் வரும். தூணுக்குக் குழி எடுத்தபோது மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். "ஏனுங்க, ரெண்டு தூணு பழைய கரை மேல கெட்டியா நிக்குது. ரெண்டு தூணு குப்பைல நிக்குதுங்களே?" என்று கேட்டார். "தெரியுமுங்க, கம்பியக் கூட்டிப் போடுங்க" என்றார் அண்ணன். நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டு இதைக் கேட்டேன். மேஸ்திரி ரொம்பப் பேசுகிறார் என்று எரிச்சல்பட்டது நினைவிருக்கிறது.

ஐந்து மாதம் தொட்டி நின்றது. பண்ணையில் வேலை செய்யும் வடக்கத்திக் குடும்பங்கள் நான்கும் அந்தத் தொட்டியை ஒட்டிய வரிசை வீடுகளில்தான் இருந்தன. அவர்களில் மாலதி என்ற பெண், தொட்டித் தூணுக்கும் தன் வீட்டுச் சுவருக்கும் கொடி கட்டித் துணி காயப்போடுவாள். இழுத்துக் கட்டிய கொடி பத்தே நாளில் தொங்கிவிடும். மறுபடி இழுத்துக் கட்டுவாள், மறுபடி தொங்கும். மூன்றாவது தடவை அண்ணனிடம் வந்து, "அண்ணா, கொடி நிக்கவே மாட்டுது" என்று சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் வேறு கயிறு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அண்ணன் ஓடிப்போய், தூண் நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டைப் பிடித்துப் பார்த்தார். குப்பையில் நின்ற இரண்டு தூண்களும் இறங்கி, தொட்டி வீடுகளின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

அன்று காலையே நான்கு குடும்பங்களையும் சட்டி பானையோடு தீவன அறைக்கு மாற்றினார். கைக்குழந்தை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு போனார். தொட்டியைத் திறந்து அத்தனை தண்ணீரையும் தென்னைக்கு விட்டார். அதற்குப் பிறகு சித்திரை வெயிலில் வாரக்கணக்காக டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து கோழிகளைக் காப்பாற்றினார். தொட்டியை இறக்கிவிட்டு, நான் முதல் கல் வைத்த கட்டடத்தை அடியோடு இடித்தார். நான் செய்தி கேட்டு அலறியடித்துக்கொண்டு போனபோது, "போச்சாது விடு அம்மிணி. ஆருக்கும் ஒண்ணும் ஆகலை. காப்பி குடிச்சியா?" என்றார். நான்கு குடும்பம் நசுங்கியிருக்கும். அந்த நேரத்தில் காப்பியாம்.

ஒரு தடவை திட்டியிருக்கலாம். "உன் பேச்சைக் கேட்டேன் பார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன், ஊருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அண்ணன் சொல்லவில்லை. ஏன் அங்கே கட்டினீர்கள் என்று வெளியூரில் வேலையில் இருந்த அவர் மகன் கேட்டதற்கும், சொந்தக்காரர்கள் கேட்டதற்கும், "எனக்கு அப்படித் தோணுச்சு" என்று ஒரே பதிலைத்தான் கொடுத்தார். விவரம் தெரிந்த அண்ணியையும் மேஸ்திரியையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழாய்க்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்கிற மனிதர் இதற்கு மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

ராசிபுரத்துக் கல்யாணப் பந்தியில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எதிர் வரிசையிலிருந்து ஒருவர், "ஏனுங்க மாப்ள, அடுத்த தொட்டி எந்தக் கெணத்து மேலீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாராவது என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அம்மிணி எலைல ரசம் ஊத்துங்க" என்றார். அந்த ரசத்தை நான் தொடவில்லை. பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

பிறகு பழையபடி வடக்கே சுக்கான் தரையில் இரண்டாவது கட்டடத்தைத் தொடங்கினார். அந்தக் கூத்தையும் கேளுங்கள். தூணுக்கு ஒரு குழி எடுத்து, அடியில் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அது எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். குழியின் நான்கு மூலையிலும் கடப்பாரையைப் போட்டுச் சத்தம் கேட்டார். அடியில் ஜல்லிக் கலவை போட்டு, அதன் மேல் தூண்கள், அவற்றைப் பிணைக்கக் கீழே ஒரு கான்கிரீட் பெல்ட், நடுவில் ஒரு பெல்ட், மேலே தளம். நான்கு தூண் போதும் என்ற மேஸ்திரியிடம் சண்டை போட்டு ஆறு தூண் எழுப்பினார்.

"ஆனை கட்டறதுக்குங்களா இத்தன தூணு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஆனைன்னா அங்க இங்க நடக்கும். தண்ணி ஒரே எடத்துல நின்னு அமுத்துமுங்க."

தளம் போட்ட பிறகு அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஓரங்களில் ஈரச் சாக்குப் போட்டு, மூன்று வாரம் யாரையும் கிட்டே விடவில்லை. தொட்டியை ஏற்றுகிற நாளில் தளத்தை ஈரத் துணியால் துடைத்து, மண்டியிட்டு, உள்ளங்கையால் முழுவதையும் தடவிப் பார்த்தார். பட்டாணி அளவு கல் மாட்டினாலும் அந்த இடத்தில் தொட்டியின் அடி வெடித்துவிடுமாம். தொட்டிக்கு வெளியே சுற்றிலும் ஒரு அடி தளம் இருக்கிறதா என்று அளந்தார். நிரப்பும்போதும் ஒரேயடியாக நிரப்பவில்லை. நான்கு நாளைக்கு ஒரு தடவை கால் பங்கு. ஒவ்வொரு தூணிலும் கோடு போட்டு, தினமும் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தார்.

இத்தனையும் மூச்சு வாங்கிக்கொண்டே செய்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கோடையில் டிராக்டரில் தண்ணீர் அடித்தபோதே அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. சேலத்து மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் தினமும் போன் செய்து கத்துவேன். "தளம் காயோணும் அம்மிணி", "கால்வாசிதான் நெம்பியிருக்கு", "தொட்டி முச்சூடும் நெம்பட்டும், வாரேன்" என்று ஒவ்வொரு நாளும் ஒரு பதில். பக்கத்துத் தீவன அறையில் குழந்தைகள் தூங்குகின்றன, இந்தத் தடவையும் தப்பு நடந்தால் தாங்காது என்பார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான். அதனால் என் கத்தலில் வலுவில்லை.

தொட்டி நிறைந்து, கோடு நூல் அளவும் நகரவில்லை என்று உறுதியான மறுநாள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தானாக மருத்துவமனைக்கு வந்தார். அறுவைக்கு நாள் குறித்தார்கள். கூட நான்தான் இருந்தேன். ஒரு மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "அண்ணா, ஒரே ஒரு தடவை என்னையத் திட்டிப்போடுங்க" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"தொட்டிக்குத்தான்."

போர்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "கல்லு வெச்சவ நீயி. கட்டுனவன் நானு. கெணறு எங்க இருந்துச்சு, அதுக்குள்ள என்ன போட்டு மூடுனோம்னு தெரிஞ்சவனும் நானு. தெரிஞ்சே கட்டிட்டு உன்னைய எப்படித் திட்டறது?"

அதோடு பேச்சை முடித்துக்கொண்டு, தொட்டி மூடியில் வலை கட்டச் சொல்லு, அணில் விழுந்துவிடும் என்று ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அறுவைக்கு இரண்டு நாள் இருந்தபோது, காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரைக் கேட்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.

அந்த நாட்களில் கூட நின்றவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்ல வேண்டும். அண்ணனை முகம் கோணாமல் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கோடை முழுக்கத் தன் டிராக்டரை வாடகை பேசாமல் விட்டுவைத்த பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும், திட்டு வாங்கிக்கொண்டே ஆறு தூணையும் நேராக எழுப்பிய மேஸ்திரிக்கும், துக்கத்தில் தூரம் பாராமல் வந்து எங்களோடு நின்ற உறவினர்கள் அனைவருக்கும் நன்றி. மாலதிக்குத் தனியாக நன்றி. கொடி தொங்குவதை ஒரு பொருட்டாக எண்ணி வந்து சொல்லாமல் இருந்திருந்தால், இன்று வேறு சில வீடுகளிலும் நினைவு நாள் வந்திருக்கும்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அண்ணி தாள்களை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "அவுங்க ஒரு நாளும் சொல்லாதத நீங்க எதுக்குங்க அம்மிணி சொல்றீங்க? மறைக்கோணும்ங்கறது அவுங்க ஆசைங்க" என்றார்.

"அவர் ஆசைப்படி நான் எப்பங்க நடந்திருக்கறேன், இப்ப நடக்கறதுக்கு?" என்று கேட்டேன். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

ஆகவே உறவினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனி எந்தப் பந்தியிலாவது அந்தப் பேச்சு வந்தால் என்னைச் சொல்லிச் சிரியுங்கள். என் காதுபடவே சிரியுங்கள், பாதி இலையில் எழுந்து போக மாட்டேன். சாய்ந்த தொட்டி என்னுடையது. அண்ணன் கட்டியது தீவன அறைக்கு வடக்கே நிற்கிறது. நினைவு நாளுக்குத் தோட்டத்துக்கு வந்தவர்கள் போகும்போது ஒரு தடவை நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.